கேட்டால் மட்டும் தெரியவரும் மாத்திரை

அறுவை சிகிச்சை வார்டுகளைச் சுற்றிவரும் மருந்தாளுநருக்கு அடிக்கடி காதில் விழும் புகார் இது: "சார், இவங்களுக்கு எவ்ளோ போட்டாலும் வலி குறையலைங்கிறாங்க." கூடவே, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "பயந்த சுபாவம் சார்" என்பார்கள். முதல் வரியை நான் கவனமாகக் கேட்பேன். இரண்டாவதை இப்போதெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்த ஒரு அம்மா. ட்ரமடால் என்ற வலி மருந்து முழு அளவில் போய்க்கொண்டிருந்தது. அவருக்கோ வலி அப்படியே இருந்தது. ராத்திரி முழுக்க அழுதிருக்கிறார். கேஸ் ஷீட்டில் சுகர், பிரஷர் மாத்திரைகள் மட்டும்தான் இருந்தன. நான் கேட்டபோதும் "அவ்ளோதான் தம்பி" என்றார். பக்கத்தில் கணவரும் மருமகளும் நின்றிருந்தார்கள். அவர்கள் டீ குடிக்கப் போன பிறகு, "தூக்கம் எப்படிம்மா? அதுக்கு ஏதாவது போடுறீங்களா?" என்று கேட்டேன். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு அட்டை வெளியே வந்தது. பராக்ஸெடின், மனச்சோர்வுக்கான மாத்திரை. வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறார். ஆஸ்பத்திரியிலும் தானாகவே போட்டுக்கொண்டிருந்தார். மருமகளுக்குத் தெரியாது.

ட்ரமடால் விழுங்கிய உருவத்திலேயே பெரிதாக வலியைக் குறைத்துவிடாது. கல்லீரலில் சிஒய்பி2டி6 என்றொரு நொதி அதை இன்னொரு பொருளாக மாற்ற வேண்டும். ஓபியாய்டு வேலையில், அதாவது மார்ஃபின் போல வலியை அடக்கும் வேலையில், பெரும்பங்கு அந்தப் பொருளுடையது. கோடீன் என்ற மருந்தும் இப்படித்தான், அது மார்ஃபினாக மாறிய பிறகே வலிக்கு உதவும். பராக்ஸெடினும், அதே வகை மாத்திரையான ஃப்ளூவாக்ஸெடினும் இந்த நொதியைப் பலமாகத் தடுப்பவை. மாறாமல் தங்கிவிடும் ட்ரமடாலும் சும்மா இருப்பதில்லை. அதற்கே செரோடோனினை, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் ரசாயனத்தை, ஏற்றும் குணம் உண்டு, மனச்சோர்வு மாத்திரை செய்வதும் அதைத்தான். ஆக, வேண்டியது குறைகிறது, வேண்டாதது கூடுகிறது. இது தெரியாமல் "இன்னும் ஒரு டோஸ் போடலாம்" என்று போனால் எந்தப் பக்கம் ஏறும் என்று பாருங்கள். வலிப்பு வரும் வாய்ப்பும் இதில் அடங்கும்.

மயக்கவியல் மருத்துவரிடம் சொன்னேன். அவர் ட்ரமடாலை நிறுத்தி, அந்த இடத்து நரம்பை மரத்துப்போகச் செய்யும் பிளாக் கொடுத்து, தேவைக்குக் கொஞ்சம் மார்ஃபின் எழுதினார். மார்ஃபினுக்கு அந்த நொதியின் தயவு தேவையில்லை. பராக்ஸெடினை யாரும் தொடவில்லை. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம், உடம்பில் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு எல்லாம் வரும். அன்று சாயந்திரம் அந்த அம்மா பிசியோதெரபிக்குக் காலை மடக்கினார். பயந்த சுபாவமாகத் தெரியவில்லை.

எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். மனநல மாத்திரை சாப்பிடுபவர் வலி என்றால், அது மனசு சம்பந்தப்பட்டது என்று முடிவுகட்டிவிடுகிறோம். அந்த மாத்திரையே வலி மருந்தை முடக்கியிருக்கலாம் என்ற எண்ணம் கடைசியில்தான் வருகிறது. இதற்குப் பயந்துதான் அவர்களும் மறைக்கிறார்கள்.

செரோடோனின் அளவுமீறும் நிலையை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். எஸ்சிடாலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கு ட்ரமடாலும் போனது, புண்ணில் கிருமி என்று லினசோலிட்டும் சேர்ந்தது. லினசோலிட் ஆன்டிபயாடிக்தான் என்றாலும் செரோடோனினைச் சிதைக்கும் நொதியையும் தடுக்கும். மறுநாள் அவருக்கு வியர்வை, நடுக்கம், வேகமான நாடி, நிலைகொள்ளாத பேச்சு. குடியை நிறுத்தியதால் வந்ததோ, கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டதோ என்று பேச்சு ஓடியது. பணியிலிருந்த டாக்டர் மேடம் அவர் பாதத்தைச் சட்டென்று மேல்நோக்கி மடக்கிப் பிடித்தார். கணுக்கால் தாளம் போடுவதுபோல் விடாமல் துடித்தது. அதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. மூன்றையும் உடனே நிறுத்தினார்கள், அமைதிப்படுத்த லோராசெபாம் கொடுத்தார்கள், அப்புறம் செரோடோனினுக்கு எதிராக வேலை செய்யும் சைப்ரோஹெப்டடின் கேட்டார்கள். பசியெடுக்க என்று கடைகளில் விற்கும் அதே மருந்துதான். அவசரப் பிரிவுக்கு அதைக் கொண்டுபோனபோது ஒரு சிஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

1984-இல் நியூயார்க்கில் லிபி சயான் என்ற 18 வயதுப் பெண் இறந்தது இந்தத் துறையில் எல்லோரும் படிக்கும் கதை. ஃபெனல்சின் என்ற மனச்சோர்வு மருந்தை எடுத்துக்கொண்டிருந்தவருக்கு ஆஸ்பத்திரியில் பெத்திடின் என்ற வலி ஊசி போட்டார்கள். அவர் சாவுக்கு அந்தச் சேர்க்கைதான் காரணம் என்று பலரும் கருதுகிறார்கள். அந்த வழக்கால் பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரத்துக்கு அங்கே வரம்பு வந்தது. நல்லதுதான். மருந்து வரலாற்றைக் கேட்கும் பழக்கத்துக்கும் அதே அளவு சத்தம் எழுந்திருக்கலாம்.

இந்தியாவில் 2018-இல் ட்ரமடாலைப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து பூட்டு, பதிவேடு, ஒவ்வொரு மாத்திரைக்கும் கணக்கு. வாங்குபவர் கூடவே வேறென்ன சாப்பிடுகிறார் என்று கேட்க அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. மருந்துச் சீட்டைச் சரிபார்க்கும் கணினியோ நேர்மாறு, எல்லாவற்றுக்கும் சிவப்பு விளக்கு போடும். அந்த நொதியைப் பலமாகத் தடுக்கும் பராக்ஸெடினும் அவ்வளவாகத் தடுக்காத எஸ்சிடாலோபிராமும் அதற்கு ஒன்று. ட்ரமடாலோடு சேர்த்துச் சாப்பிடும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதால், டாக்டர்கள் பார்க்காமலே மூடிவிடுகிறார்கள். நானாக இருந்தாலும் மூடுவேன்.

மனநல மருத்துவரைப் பார்க்காதவர்களிடமும் இந்த மாத்திரைகள் உண்டு. சுகர்காரர்களுக்குப் பாத எரிச்சலுக்கு டுலாக்ஸெடின் எழுதுவது சாதாரணம். பிரீகாபலினோடு நார்ட்ரிப்டிலின் சேர்ந்த கூட்டு மாத்திரையும் அப்படித்தான். "நரம்பு மாத்திரை" என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதனால் நான் மாத்திரைப் பெயரைக் கேட்பதில்லை. தூக்கத்துக்கு, எரிச்சலுக்கு, படபடப்புக்கு, ஒற்றைத் தலைவலிக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். சமீபத்தில் நிறுத்திய மாத்திரையையும் கேட்கிறேன், ஏனென்றால் ஃப்ளூவாக்ஸெடின் நிறுத்தி வாரக்கணக்கிலும் உடம்பில் இருக்கும். உறவினர் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் இதையெல்லாம் கேட்பது. வார்டில் அப்படி ஒரு நேரம் கிடைப்பதே பெரும்பாடு.

டிஸ்சார்ஜ் அன்றும் ஒரு வேலை இருக்கிறது. மிச்சமான ட்ரமடால் அட்டை வீட்டு அலமாரிக்குப் போகும், ஒருநாள் முதுகுவலி என்று அண்ணியோ மச்சானோ அதிலிருந்து ஒன்றை எடுத்துப் போடுவார்கள். அவர்கள் என்ன மாத்திரையில் இருக்கிறார்கள் என்று அந்த வீட்டிலேயே யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். மறுபரிசோதனைக்கு வரும்போது மிச்சத்தைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். சிலர் கொண்டுவருகிறார்கள்.