கிளியின் அம்மா பிறந்த லயம்

19 ஜூலை 2025, சனி

கண்டியில் புவியியல் ஆசிரியர்களுக்குச் செயலமர்வு. மதியச் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் கிளிநொச்சிக்காரர். வடக்கிலிருந்து யார் வந்தாலும் கிளியைப் பற்றி விசாரிப்பது என் பழக்கம். பதிலை எதிர்பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டேன். “அவவா? எங்கட ஸ்கூலிலதான் படிப்பிக்கிறா” என்று பருப்பை அள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னார். நம்பரும் தந்தார்.

பேராதனையில் சங்கமித்தா விடுதியில் அவள் என் அறைக்காரி. கிளிநொச்சியிலிருந்து வந்ததால் எல்லோருக்கும் கிளி. 2006இல் வடக்குக்குப் போகும் ஏ9 பாதையைப் போரால் மூடினார்கள், அத்தோடு தொடர்பு போயிற்று. 2009இல் போர் முடிந்த பிறகு ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நல்ல கதை ஒன்றுகூட இல்லை.

20 ஜூலை, ஞாயிறு

எடுத்துவிட்டேன். “ஆர் கதைக்கிறது?” என்றாள். பெயரைச் சொன்னதும், “எடியே, நீ இன்னும் அந்தச் சிவப்பு வாளியைத் திருப்பித் தரேல்ல” என்றாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், சிரிப்புத்தான் வந்தது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். போரில் இடம்பெயர்ந்து மெனிக் பாம் முகாமில் இருந்ததை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டாள். நானும் கேட்கவில்லை. மகளுக்கு உயர்தரப் பரீட்சையில் நல்ல இசட் புள்ளி, பேராதனை கிடைக்கும் போலிருக்கிறதாம். அப்புறம், ஏதோ நினைவுக்கு வந்தவள் மாதிரி, “உங்கட பக்கம் வரவேணும். அம்மா பிறந்த தோட்டத்தை ஒருக்கா பாக்கவேணும்” என்றாள்.

எந்தத் தோட்டம் என்று கேட்டேன். சொன்னாள். மலையகத்துத் தேயிலைத் தோட்டம், தலவாக்கலைக்கு அந்தப் பக்கம், என் பள்ளிக்கூடத்திலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம்.

27 ஜூலை, ஞாயிறு

இந்த ஒரு கிழமையாக மனதுக்குள் அவளோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரே அறையில் நான்கு வருடம். என் அப்பா தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவர், அம்மா கொழுந்தெடுக்கிறவர் என்று முதல் இரவே சொல்லிவிட்டேன். விடுதியில் ஒருத்தி எங்களைத் “தோட்டக்காட்டார்” என்று இளக்காரமாகச் சொன்ன அன்று நான் கத்தினேன். கிளி பக்கத்தில் இருந்து நகம் கடித்தாள். அமைதியானவள் என்று நினைத்துக்கொண்டேன்.

தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு மலையிலிருந்து, கிளிநொச்சி இருக்கிற வன்னிக்குப் போன ஆயிரக்கணக்கானவர்களில் அவளுடைய அம்மாவும் ஒருவர் என்றால், அதை என்னிடம் சொல்வதற்கு என்ன? வேறு யாரிடம் மறைத்தாலும் சரி. என்னிடமுமா?

8 ஓகஸ்ட், வெள்ளி, போயா

ஏ9 கண்டியில்தான் தொடங்குகிறது. கிளியும் மகளும் அந்த வீதியிலேயே வந்து, கடைசிப் பெரஹரா ஊர்வலத்துக்கு வந்த கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டார்கள். அட்டனில் நான் பிளேன்டீ மேல் பிளேன்டீயாகக் குடித்துக் காத்திருந்தேன். இருட்டிய பிறகுதான் பஸ் வந்தது.

கிளி பருத்திருக்கிறாள். நரை. மகள் “அன்ரி” என்று கும்பிட்டாள். ரொட்டியும் கட்டசம்பலும் சாப்பிட்டு முடிப்பதற்குள் பழைய கதைகள் தீர்ந்துவிட்டன: குறிஞ்சிக்குமரன் கோயில் வெள்ளிக்கிழமைகள், மழைக்குள் ஹோர்ட்டன் சமவெளி போய் உலகமுடிவில் வெறும் மூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தது, சிவப்பு வாளி. அதற்குப் பிறகு கொஞ்சநேரம் என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை.

மகள் தூங்கிய பின் கேட்டேவிட்டேன். அவள் சுற்றி வளைக்கவில்லை. வன்னியிலும் அவர்களை “வடக்கத்தையான்”, இந்தியாவிலிருந்து வந்தவன், என்று ஒதுக்கியவர்கள் உண்டாம். “ஆர் கேட்டாலும் கிளிநொச்சி எண்டு சொல்லு, அதுக்கு மேல வாயைத் திறக்காதே எண்டு சொல்லித்தான் அம்மா கம்பசுக்கு விட்டவ. நீ கத்தின அண்டைக்கு எனக்கு உன்னில பொறாமையா இருந்தது.” 2023இல், மலையக மக்கள் வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அதில் ஒரு நாள் போய் நடந்தாளாம். அதன்பிறகுதான் மகளுக்கே சொன்னாளாம்.

கேட்டபோது நியாயமாகத்தான் இருந்தது. கோபம் முழுதாகப் போய்விட்டது என்று எழுதினால் பொய்.

9 ஓகஸ்ட், சனி

தோட்டம். ஆட்டோ ஸ்டோரடியோடு, தேயிலை ஆலையோடு, நின்றுவிட்டது, மேலே நடந்தோம். பாதி மலை காடு மண்டிக் கிடக்கிறது. தனியாகப் போனால் சிறுத்தை இருக்கும் என்று கொழுந்துக்காரப் பெண்கள் எச்சரித்தார்கள். ராத்திரி முழுக்க செயின்ட் கிளேயர் அருவி இரையும் என்று அம்மா சொல்வாராம். மேல் கொத்மலை மின்திட்டம் வந்த பிறகு தண்ணீரில் பெரும்பங்கு சுரங்கத்துக்குள் போகிறது என்று மகளுக்கு விளக்கினேன். வாத்தியார் புத்தி, எங்கே போனாலும் பாடம்.

அம்மா சொன்ன லயத்தை, தொழிலாளர் வரிசை வீடுகளை, காணவில்லை. அந்த இடத்தில் லீக்ஸ் பாத்தி. கிளி பேசாமல் நின்றாள். மகள் கிளியின் அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தாள்.

அந்த அம்மா அழவேயில்லை. “அது இல்லடி, அது கங்காணி வூடு. இன்னும் கீழ எறங்கு. பீலி இருக்கா பாரு” என்று எங்களை மேலும் கீழும் நடக்கவைத்தார். நாற்பத்தெட்டு வருட வன்னிப் பேச்சு எங்கேயோ போய், அசல் எங்கள் லயத்துப் பேச்சு. கிளிக்கே புதிது, வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். பீலி, தண்ணீர் பிடிக்கிற இடம், இருந்தது. அதை ஒட்டி ஒரு லயம், ஓடு போய்த் தகரம். இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், இருந்த பாட்டிக்கு அம்மாவைத் தெரியவில்லை, தாத்தாவைத் தெரிந்தது. “சாக்குக்காரரா? எங்கப்பாகிட்ட கைமாத்து வாங்கிட்டு ராவோட ராவா போனவராச்சே!” போனுக்குள்ளிருந்து அம்மா, “அந்தக் கடன அப்பவே குடுத்தாச்சு” என்று சீறினார். இரண்டு கிழவிகளும் விடாமல் வாதாடினார்கள். முடிவில் அம்மா கேட்டது, லீக்ஸ் கிலோ என்ன விலை?

10 ஓகஸ்ட், ஞாயிறு

கிளம்பினார்கள். வழியில் பேராதனையில் இறங்கி மகளுக்குக் கம்பஸைக் காட்டுவதாகத் திட்டம். மகள் என்னிடம், “அங்க ஆரும் கேட்டா நான் எந்த ஊர் எண்டு சொல்லோணும் அன்ரி?” என்றாள். கிளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரெண்டு ஊரையும் சொல்லு, நேரம் இருந்தால் கேட்பார்கள் என்றேன்.

17 ஓகஸ்ட், ஞாயிறு

இப்போது கிளியைவிட அவள் அம்மாதான் அதிகம் போன் எடுக்கிறார். பிறப்புச் சான்றிதழ் பிரதி வேண்டுமாம். 77இல் விட்டுவிட்டுப் போன பெட்டிக்குள் இருந்ததாம். தாத்தாவின் பெயரை அந்தக் காலத்து எழுத்தர் எப்படி எழுதினாரோ. ராமன், ராமையா, ராமு என்று மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறார், பிறந்த மாதமும் சரியாகத் தெரியாது. செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டுப் பிரதேச செயலகம் போகவேண்டும். மூன்று பெயரையும் தேடச் சொன்னால் அங்கே இருக்கிறவர் என்ன சொல்வாரோ.