புள்ளியிலதான் புள்ளி போகுது

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் சாதாரண தரம் எழுதப்போற பிள்ளைகளுக்கு. ஆள்கூறு, அதாவது வரைபுத்தாளில ஒரு புள்ளி எங்க இருக்கு என்று காட்டுற ரெண்டு எண், வாசிக்கிறது லேசு, ஆனா பிழை விடுறதும் அதிலதான்.

புள்ளியில இருந்து அடிமட்டத்தை நேர் மேலே அல்லது கீழே வைத்து எக்ஸ் அச்சைத் தொடுங்க. தொட்ட இடம் −3 என்றால் அதை முதலில் எழுதுங்க. பிறகு பக்கவாட்டில் போய் வை அச்சைத் தொடுங்க, 2. விடை (−3, 2). மாற்றி (2, −3) என்று எழுதினா அது நாலாம் கால்வட்டத்தில (வலப்பக்கம் கீழே) கிடக்கிற வேற புள்ளி.

கூட ஆக்கள் சறுக்கிறது அளவிடையில. பெரிய கட்டம் ஒன்று 2 அலகு, அதுக்குள்ள 10 சின்னக் கட்டம் என்றால் சின்னது ஒன்று 0.2. நாலுக்கு வலப்பக்கம் மூன்று சின்னக் கட்டம் தள்ளி இருந்தா 4.6. கன பேர் 4.3 என்று எழுதுவாங்க. ரெண்டு அச்சுக்கும் அளவிடை ஒன்றாத்தான் இருக்கும் என்றும் நினைக்காதீங்க, தனித்தனியாப் பாருங்க.

அச்சில விழுற புள்ளியும் ஒரு கரைச்சல். வை அச்சில −5 இல் இருந்தா (0, −5). பூச்சியத்தை விட்டுட்டு வெறும் −5 எழுதினா அது ஆள்கூறே இல்ல.

போன் மேப்பைப் பார்த்து மட்டும் குழம்பாதீங்க. மட்டக்களப்புக்கு அது 7.7, 81.7 என்று காட்டும். அகலக்கோடு முதலில், அதாவது மேல்-கீழ் முதலில். கணக்கில ஒழுங்கு நேர்மாறு.