இடக்கைப் பிடி

18 ஜனவரி 2025, சனி

சுடுதளத்தில் ஒரு மணி நேரம், வெர்னியர் காலிப்பரும் டிரேசிங் பேப்பருமாக. என் ஏர் பிஸ்டல் அங்கே ஆயுத அறையிலேயே இருக்கும், வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. துப்பாக்கி பக்கத்தில் இல்லாமலே அதற்குப் பிடி செய்ய வேண்டும். சட்டகத்தின் அகலம், திருகு உட்காரும் இடம், டிரிகரிலிருந்து உள்ளங்கை வரை உள்ள தூரம் எல்லாவற்றையும் இரண்டு முறை அளந்தேன். இரண்டு கைக்கும் பொதுவான அந்த மொழுமொழுப் பிடியோடு மூன்று வருடம் மாரடித்தாயிற்று.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு இன்னும் குழாய் வழியாகத்தான் சாப்பாடு.

20 ஜனவரி

மாடிப்படிக்கு அடியில் அவருடைய பெட்டி. கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே பட்டறையில் வார்ப்புக்கு மர அச்சு செய்த காலத்து அரங்கள், உளிகள். எல்லாம் எண்ணெய்த் துணியில் சுற்றியபடி. அடியில் ஒரு முழத் தேக்கு. பிடிக்கு வால்நட்தான் வழக்கம், ஆனால் இந்த மரத்தைப் பார்த்த பிறகு வேறு எதையும் தேடத் தோன்றவில்லை. கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.

21 ஜனவரி

தேக்கில் சிலிக்கா இருக்கிறது. உளி சீக்கிரம் மழுங்குகிறது. தூள் மூக்கை எரிக்கிறது, மாஸ்க் இல்லாமல் முடியாது. அப்பா மாஸ்க் போட்டு நான் பார்த்ததில்லை.

22 ஜனவரி

டாக்டர் வரவில்லை. நாளைக்காம்.

25 ஜனவரி, சனி

ஒரு வாரம் ராவியது வீண். வீட்டில் கையோடு ஒட்டிப் பிறந்த மாதிரி இருந்த பிடி, சுடுதளத்தில் சுண்டுவிரல் பக்கம் ஆடுகிறது. பத்து மீட்டரில் இலக்கின் நடுவே உள்ள பத்தாம் வட்டம் 11.5 மில்லிமீட்டர்தான். இங்கே ஒரு முடியளவு ஆடினால் அங்கே எங்கேயோ போய்விழும். முதல் பத்துச் சுடுகளில் நான்கு ஏழாம் வட்டத்தில். மரம் சுருங்கிவிட்டதோ என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசனை. ஐம்பது வருட மரம், ஒரு வாரத்தில் ஏன் சுருங்க வேண்டும்? வீட்டுக்கு வந்து மறுபடி பிடித்தேன். கச்சிதம்! அப்புறம்தான் உறைத்தது. மரம் இல்லை, கை. மதியம் மூன்று மணிக்குப் பின்கட்டு வெக்கையில் ராவுகிறேன், கை உப்பியிருக்கிறது. அங்கே ஏர்கான், கை சுருங்கிவிடுகிறது.

26 ஜனவரி

ஐஸ் தண்ணீரில் கையை வைத்து எடுத்து, துடைத்து, அளந்து பார்த்தேன். மோதிர விரலில் மட்டுமே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம். இனி விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் வேலை, பக்கத்தில் ஐஸ் கிண்ணத்தோடு. பிடிமேல் முகப்பவுடர் தூவி இறுக்கிப் பிடித்தால், பவுடர் கலைந்த இடத்தில் கை படுகிறது, கலையாத இடம் பள்ளம்.

29 ஜனவரி

சீனப் புத்தாண்டு. கடைகள் எல்லாம் மூடியிருக்கின்றன, பள்ளத்தை நிரப்ப எபாக்சி புட்டி கிடைக்கவில்லை. இரவு முழுக்கப் பட்டாசு. வார்டுவரை கேட்டிருக்கும்.

2 பிப்ரவரி, ஞாயிறு

தேக்கில் எண்ணெய் அதிகம், புட்டி பிடிக்காது. அசிட்டோனால் நன்றாகத் துடைத்துவிட்டு அப்பினேன். பார்வை நேரம் வந்துவிட்டதால் இறுகும்வரை காத்திருக்க முடியவில்லை. அப்படியே பையில் போட்டுக்கொண்டு போனேன்.

வார்டு நர்ஸ் மிஸ்ஸி, “கட்டை எதுக்கு?” என்று கேட்டார். அப்பாவுக்கு என்றேன்.

நான் இடக்கையால் எழுதினால் தட்டித் தட்டி வலக்கையில் பென்சிலைத் திணித்தவர். தட்டிய அந்த வலக்கை போர்வைமேல் அசையாமல் கிடக்கிறது. இடக்கையில் பிடியை வைத்தேன். விரல்கள் தாமாகவே இடம் தேடிப்போய் மூடிக்கொண்டன. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் மெல்லத் தடவினார், முன்னே, பின்னே. ஓரிடத்தில் நின்றது. மறுபடி தடவினார், மறுபடி அங்கேயே நின்றது. நகத்தால் அழுத்தினார். புட்டியில் பிறை மாதிரி ஒரு கோடு.

வீட்டில் பவுடர் போட்டுப் பார்த்தேன். மேடு அங்கேதான். எட்டு நாளாகச் சுண்டுவிரலையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன், கட்டைவிரல் மேடுதான் கையை வெளியே தள்ளுகிறது.

3 பிப்ரவரி

அப்பா “ம்” என்றார். இரண்டு முறை.

8 பிப்ரவரி, சனி

அப்பாவின் நகக்கோட்டைச் சுற்றி மட்டும் ராவி இறக்கினேன். பிடி ஆடவில்லை. ஐஸ் இல்லாமலே பொருந்துகிறது. மணிக்கட்டும் விதிப்படி வெளியேதான் இருக்கிறது. ஆனால் ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடும் சம்மேளனம்) விதிப்படி பிஸ்டல் முழுவதும் அடங்க வேண்டிய அளவுப்பெட்டி 420, 200, 50 மில்லிமீட்டர். நீளம் சரி, உயரம் சரி. அகலம் 51.2. பெட்டிக்குள் இறங்கவில்லை. அதிகம் புடைத்திருப்பது கட்டைவிரல் பக்கம், கோடு இருக்கும் இடம்.

9 பிப்ரவரி

இன்றிரவு வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுகிறது. சாலை அடைப்பதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். அரத்தைத் தொடவில்லை.

11 பிப்ரவரி, தைப்பூசம்

குழாயை எடுத்துவிட்டார்கள். கஞ்சி, நாலு கரண்டி. கரண்டியை இடக்கையில் தானே வாங்கிக்கொண்டார்.

13 பிப்ரவரி

50.4. கோட்டைத் தொடவில்லை, மறுபக்கம் விரல்நுனி படும் இடத்தில்தான் ராவினேன்.