பொம்மருக்குள் ஒரு பெடியன்

2023 ஜூன் 3, சனி

மகனுக்குப் பதினொரு வயது. விமானம் என்றால் பைத்தியம். மாதக்கணக்காகக் கரைச்சல் தந்து, இன்று ஒருவழியாக ஹமில்ரனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அங்கே மவுண்ட் ஹோப் விமான நிலையத்தோடு ஒட்டினாற்போலப் பழைய போர்விமானங்களின் காட்சியகம் இருக்கிறது. ஸ்காபரோவில் இருந்து ஒன்றேகால் மணிநேரம் என்று கூகிள் சொன்னது. 401 நெடுஞ்சாலையில் சனிக்கிழமை நெரிசல், இரண்டு மணிநேரம் போய்விட்டது.

எனக்கு இந்த மாதிரி இடங்கள் ஒத்துவராது. லேபர் டே வாரத்தில் ரொறன்ரோ ஏரிக்கரைக்கு மேலே ஜெட்டுகள் வேடிக்கை காட்டுகிற மூன்று நாளும் யன்னலைச் சாத்திவிட்டு டிவியைச் சத்தமாகப் போட்டிருப்பேன். பொம்மர், அதுதான் குண்டு போடுகிற விமானம், அதன் இரைச்சல் கேட்டால் சோற்றுக் கோப்பையை அப்படியே விட்டுவிட்டு பங்கருக்குள் பாய்ந்து வளர்ந்த உடம்பு இது. முப்பது வருடம் கனடாவில் இருந்தும் அதற்கு விளங்கவில்லை.

மகன் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தியது ஒரு லங்காஸ்டருக்கு முன்னால். நாலு எஞ்சின், இறக்கை நுனியில் இருந்து நுனிக்கு 102 அடி. இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் குண்டுவீச்சு விமானம். ஏழாயிரத்துக்கு மேல் கட்டினார்களாம். இன்றைக்கும் பறக்கக்கூடியவை உலகத்திலேயே இரண்டுதான், மற்றது இங்கிலாந்தில். கண்ணுக்கு முன்னால் நிற்பது மால்ரனில் கட்டியது என்றார்கள். மால்ரனா, எங்கேயோ கேட்ட பெயர் என்று யோசித்தேன். வேறெங்குமில்லை, இப்போதைய பியர்சன் விமான நிலையம் இருக்கிற இடம்தான். நான் வந்து இறங்கி, கை நடுங்க "அகதி" என்று சொன்ன அதே மண். அங்கே 430 லங்காஸ்டர்கள் கட்டியிருக்கிறார்கள். பொம்மருக்குப் பயந்து ஓடிவந்தவன் போய் இறங்கின இடத்தைப் பாருங்கள்.

விமானத்தின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண் அதனுடையதல்ல. அதன் சொந்த எண் எஃப்.எம். 213. எழுதியிருப்பது கே.பி. 726, 1944இல் பிரான்ஸில் எரிந்து விழுந்த இன்னொரு லங்காஸ்டரின் எண். அதில் இருந்த ஆண்ட்ரூ மைனார்ஸ்கி என்பவரின் நினைவுக்காக இப்படிப் பூசியிருக்கிறார்கள்.

ஜூன் 4, ஞாயிறு

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று. வால்பக்கம்.

வாலின் கடைசியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதில் இருந்து நாலு துப்பாக்கிக் குழல்கள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுக்குள்ள ஆள் இருக்கேலுமா?" என்று கேட்டான். எங்கள் வீட்டு உடுப்பு அலுமாரியை விடச் சின்னது. அங்கே நின்ற வயதான தொண்டர் ஒருவர் ஆறுதலாக விளக்கினார். பின்னுக்கு இருப்பவர் மற்ற ஆறு பேரையும் விட்டு ஒதுங்கி, பின்பக்கம் பார்த்தபடி, குளிரில் விறைத்துக்கொண்டு மணிக்கணக்காக இருக்கவேண்டும். கூண்டுக்குள் பரசூட்டுக்கு இடம் போதாது. அதைக் கதவுக்கு வெளியே, விமானத்தின் உடற்பகுதியில் கொளுவி வைப்பார்கள். கூண்டை நேராகத் திருப்பினால்தான் கதவு வாசலுக்குப் பொருந்தும்; பிறகுதான் பரசூட்டை எட்டி எடுக்கலாம். கூண்டைத் திருப்புவது எஞ்சின் விசையில் ஓடும் ஹைட்ரோலிக் எண்ணெய். எஞ்சின் போனால் கையால் சுற்ற ஒரு பிடி இருக்கிறது.

பிடியும் உடைந்தால்?

தொண்டர் தோளைக் குலுக்கினார்.

ஜூன் 7, புதன்

வேலை முடிந்து வந்து மைனார்ஸ்கியைப் பற்றி வாசிக்கிறேன். வாசிக்க வாசிக்க, போர்வீரன் போய் யாரோ பக்கத்து வீட்டுப் பெடியன் வந்து நிற்கிறான்.

வினிபெக்கில் 1916 ஒக்ரோபர் 14 பிறப்பு. தாய் தகப்பன் போலந்தில் இருந்து வந்து குடியேறியவர்கள். பதினாறு வயதில் தகப்பன் செத்துப்போக, குடும்பத்துக்கு உழைக்கவேண்டி வந்தது. தோல் வெட்டுகிற வேலைக்குப் போயிருக்கிறார். பிறகு மிருகத்தோல் உடுப்பு வேலை. ஓய்வு நேரத்தில் மரவேலை. வந்தேறிக் குடும்பம், தகப்பன் இல்லை, மூத்ததுகள் உழைக்க வேண்டும்: ஸ்காபரோவில் எந்த மாடிக் குடியிருப்பிலும் இந்தக் கதையோடு நாலு வீடு இருக்கும்.

1941இல் விமானப்படையில் சேர்ந்தார். முதலில் கல்கரியில் வானொலிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்புகிற மோர்ஸ் குறியீடு மண்டையில் ஏறவில்லை. அதனால் துப்பாக்கிக்காரராக மாற்றிவிட்டார்கள். 1944 ஏப்ரலில் இங்கிலாந்தின் வடக்கே மிடில்ரன் சென் ஜோர்ஜில் இருந்த கனேடிய 419ஆவது அணிக்கு வந்து சேர்ந்தார். விமானத்தின் முதுகில் இருக்கும் கூண்டு அவருடையது. வால் கூண்டு பாட் புரோஃபி என்பவருடையது.

இரண்டு பேரும் நல்ல சிநேகிதர். புரோஃபி அதிகாரி, மைனார்ஸ்கி அதற்குக் கீழ்நிலை. இரவில் பிரியும்போது விறைப்பாக நின்று சலூட் அடித்து "குட் நைட், சேர்" என்பாராம் மைனார்ஸ்கி. பகிடிக்குத்தான். ஜூன் 11 அவருக்கும் அதிகாரி நிலை கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு "சேர்" போடவேண்டிய தேவையே இல்லை.

ஜூன் 10, சனி

இன்று புல்லு வெட்டவேண்டும், வெட்டவில்லை.

1944 ஜூன் 12 இரவு. பிரான்ஸின் நோர்மண்டிக் கரையில் நேசநாட்டுப் படைகள் இறங்கி ஆறு நாள். ஜெர்மன் உதவிப்படைகள் ரயிலில் வந்து சேராமல் இருக்க, பிரான்ஸின் ரயில் நிலையங்களை இரவிரவாக அடித்துக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்குக் கொடுத்தது கம்ப்ரே. புறப்படுமுன் புல்தரையில் காத்திருந்தபோது மைனார்ஸ்கிக்கு நாலு இலைக் குளோவர் ஒன்று அகப்பட்டது. அது அதிர்ஷ்டம் என்பார்கள். அதைப் புரோஃபியிடம் கொடுத்துவிட்டார்.

பிரான்ஸுக்கு மேலே தேடொளியில் அகப்பட்டு, சுழன்று தப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் ஜங்கர்ஸ் 88 என்ற ஜெர்மன் போர்விமானம் ஒன்று கீழிருந்து வந்து அடித்தது. இடப்பக்க எஞ்சின் இரண்டும் போயின. முதுகுக் கூண்டுக்கும் வால் கூண்டுக்கும் நடுவே நெருப்பு. உள்ளுக்குள் பேசும் கருவியும் செத்துவிட்டது. விமானி ஆர்ட் டி பிரெய்ன், எல்லோரும் குதியுங்கள் என்பதற்கான அடையாளத்தைச் சிவப்பு விளக்கில் காட்டினார். மோர்ஸில் 'பி' எழுத்து. மோர்ஸ் ஏறாத மனுசனுக்கு அந்த ஒரு எழுத்து விளங்கியிருக்கிறது. முதுகுக் கூண்டில் இருந்து இறங்கிப் பின்கதவுக்கு வந்துவிட்டார். குதிக்க வேண்டியதுதான் மிச்சம்.

அப்போது திரும்பி வால்பக்கம் பார்த்தார். கூண்டு பாதியில் இறுகிப்போய், கையால் சுற்றும் பிடி உடைந்து, புரோஃபி உள்ளே.

எரிகிற எண்ணெய்க்குள்ளால் முழங்காலில் தவழ்ந்து போனார். கோடரியால் கூண்டை அடித்தார். அசையவில்லை. கோடரியைப் போட்டுவிட்டு வெறுங்கையால் இழுத்தார். இடுப்புக்குக் கீழே உடுப்பு பற்றி எரிகிறது, பரசூட்டிலும் நெருப்பு. போ, போ என்று புரோஃபி உள்ளிருந்து கை காட்டினார். வாலுக்குள் திரும்ப இடம் இல்லாததால் முகத்தை நண்பன் பக்கம் வைத்தபடியே, பின்பக்கமாகத் தவழ்ந்து, அதே நெருப்புக்குள்ளால் கதவுக்குப் போனார். எழுந்து விறைப்பாக நின்று சலூட் அடித்தார். உதடு அசைந்தது. இரைச்சலில் புரோஃபிக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை, தினமும் சொன்னதுதான்.

குதித்தார்.

விமானம் கூண்டுக்குள் இருந்தவரோடும் குண்டுகளோடும் போய் விழுந்தது. இறக்கை மரத்தில் மோத, சுழன்றதில் கூண்டு உடைந்து புரோஃபி வெளியே எறியப்பட்டார். உயிரோடு. மற்ற ஐந்து பேரும் தப்பினார்கள், இரண்டு பேர் பிடிபட்டார்கள். மைனார்ஸ்கியை மட்டும் தீக்காயம் கொண்டுபோய்விட்டது. வயது 27. மெஹரிகூர் என்ற ஊரில் அடக்கம்.

இதை எழுதிவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன். அம்மா வரவேற்பறைக் கதிரையில் இருந்து, "என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டா. ஒன்றுமில்லை என்றேன்.

ஜூன் 11, ஞாயிறு

ராத்திரி நித்திரை இல்லை. ஒரு கேள்வி குடைகிறது. அந்த ரயில் நிலையங்களைச் சுற்றி வீடுகள் இருந்தன. நேசநாட்டுக் குண்டுகளில் பிரெஞ்சுச் சனம் ஆயிரக்கணக்கில் செத்தது. மேலே எஞ்சின் இரையும்போது நிலவறைக்குள் பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டிருந்த தாய்க்கு, அது விடுதலை செய்ய வந்த விமானமா, கொல்ல வந்த விமானமா? நான் அந்த நிலவறைப் பக்கத்து ஆள். மேலே போகிறதை இரும்பு என்றுதான் நினைத்திருக்கிறேன். அதற்குள் தகப்பனில்லாத ஒரு தோல் தொழிலாளி இருக்கக்கூடும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. எங்களுக்குக் குண்டு போட்டவனையும் இவரையும் ஒரு தட்டில் வைக்க நான் தயாரில்லை, அது வேறு கணக்கு. ஆனால் இவரை வீரர் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகவும் கை வரமாட்டேன் என்கிறது.

பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் மட்டும் 55,573 பேர் செத்தார்கள். அதில் கிட்டத்தட்டப் பத்தாயிரம் பேர் கனேடியர்.

ஜூன் 13, செவ்வாய்

இந்தக் கதையைச் சொல்பவர்களில் பலர் 'பதின்மூன்றாம் திகதி வெள்ளிக்கிழமை' என்கிறார்கள். அவர்களுடைய பதின்மூன்றாவது பறப்பு, நள்ளிரவு தாண்டிவிட்டதால் திகதியும் பதின்மூன்று, அதுவரை சரி. ஆனால் 1944 ஜூன் 13 செவ்வாய்க்கிழமை. இன்றைக்குப் போலவே. வெள்ளிக்கிழமை விமானத்துக்குள்தான் இருந்தது: குண்டு வீசுபவரின் பெயர் ஜாக் ஃப்ரைடே.

பின்னேரம் அம்மாவுக்குக் கதையைச் சொன்னேன். முதலில் முகத்தைச் சுழித்தா. "போயும் போயும் பொம்மர்க்காரன்ர கதையோ?" பிறகு கதிரையை இழுத்துக் கிட்ட போட்டா. கோடரி வந்த இடத்தில் செபமாலையை மடியில் வைத்துவிட்டா.

"அந்தப் பின்னுக்கு இருந்த பெடியன் தப்பிட்டானோ?"

"ஓம் அம்மா. பிரெஞ்சுக்காரர் ஒளிச்சு வைச்சுக் காப்பாத்தினவை. அவர் திரும்பி வந்து சொன்னபடியால்தான் நடந்தது வெளியில தெரிஞ்சது. 1946இல விக்ரோரியா குறொஸ் எண்ட பெரிய வீரப் பதக்கம் குடுத்தவை."

"ஆருக்கு?"

"செத்தவருக்கு."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இரண்டு வருசமா தாய்க்காரிக்கு என்ன நடந்ததெண்டு சரியாத் தெரியாம இருந்திருக்கும்" என்றா. "தெரிஞ்சதுதான் நல்லதோ, தெரியாம இருந்ததுதான் நல்லதோ."

மகன் உள்ளிருந்து ஓடிவந்து, லங்காஸ்டர் கோடையில் பறக்கிறதாம், பார்க்கப் போவோமா என்று கேட்டான். நான் பதில் சொல்லுமுன் அம்மா கேட்டா, "அது நல்லா இரையுமோ?"

"ஓம் அம்மம்மா... சொறி, அப்பம்மா. நாலு எஞ்சின்!"

"அப்ப நான் காருக்குள்ள இருக்கிறன். நீங்கள் பாருங்கோ."