மிளகு

மாடிப்படிக்கடியில் ஒரே கத்தல். ஒரு நாள் முழுக்கத் தள்ளி நின்று பார்த்தோம், தாய்ப்பூனை வரவேயில்லை. கன்னங்கரேலென்று உள்ளங்கையில் அடங்கும் குட்டி. மிளகு என்று பெயர் வைத்தாயிற்று.

முதல் தப்பு என்னுடையது. கிண்ணம் நிறையப் பசும்பால் வைத்தேன். ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்கு. பாலில் உள்ள லாக்டோஸ் நிறையப் பூனைகளுக்குச் செரிக்காது என்று மருத்துவர் சொல்லித்தான் தெரியும். அப்புறம் உப்பு, வெங்காயம் போடாமல் வேகவைத்த கோழியும் குட்டிகளுக்கான தீனியும்தான். 8 வாரம் ஆனதும் முதல் தடுப்பூசி.

மண் தொட்டி விஷயத்தில் மிளகு கெட்டிக்காரி. பழைய பிளாஸ்டிக் டப்பில் மணலைக் கொட்டி, சாப்பிட்டதும் தூக்கி அதில் விடுவேன், அவ்வளவுதான். இரண்டாம் நாளே தானாகப் பள்ளம் பறித்து, வேலையை முடித்து, மூடிவிட்டு, குனிந்து ஒருதரம் மோந்தும் பார்த்தது. "உன்னைப் பழக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சுடா" என்றாள் அம்மா.

கடிதான் இன்னும் நிற்கவில்லை. ஆரம்பத்தில் விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டியது நான். விரல் என்றால் இரை என்று அது முடிவுகட்டிவிட்டது. இப்போது கடித்தால் கையை இழுப்பதில்லை, இழுத்தால் இன்னும் வெறி. அசையாமல் வைத்துக்கொண்டு மறுகையால் ஷூ லேஸை ஆட்டுவேன். பாதி நாள் பலிக்கிறது. (ஆட்டம் முடிந்ததும் லேஸ் அலமாரிக்குள். விழுங்கினால் குடலில் சிக்கும்.)

நேற்று சோபாவுக்கடியில் பெருக்கும்போது நொய்யரிசி போல ஒரு பால்பல் கிடந்தது. அம்மா அதைத் தீப்பெட்டியில் பத்திரப்படுத்தியிருக்கிறாள்.