அழைப்புக்கு யார் சாட்சி?

தென்னிந்தியத் திருச்சபையில் குருத்துவப் பணிக்கான தெரிந்தெடுப்புக் குழுவின் முன் முதன்முறையாக உட்கார்ந்தபோது, கர்த்தர் என்னை அழைத்தார் என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு சான்றுதான் இருந்தது. ஓர் உயிர்மீட்சிக் கூட்டத்தின் கடைசி இரவில் வேதாகமத்தின் எரேமியா புத்தகத்தின் முதல் அதிகாரம் வாசிக்கப்பட்டபோது, தாயின் வயிற்றில் உருவாகுமுன்னே அறியப்பட்டவன் நானே என்று உணர்ந்து, விடியும்வரை முழங்காலில் நின்று அழுத அனுபவம் அது. அதை ஏறத்தாழ பத்து நிமிடம் விவரித்தேன். குழுவில் இருந்த மூத்த ஐயர், அதாவது மூத்த குரு, குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, "தம்பி, நீங்கள் சொன்னதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த இரவுக்கு நீங்கள் ஒருவர்தான் சாட்சி. நீங்கள் இந்தப் பணிக்கு வர வேண்டும் என்று உங்கள் சபையில் யாராவது உங்களிடம் சொன்னது உண்டா?" என்று கேட்டார். அப்படி யாரும் சொன்னதில்லை. அந்த ஆண்டு நான் தெரிந்தெடுக்கப்படவில்லை. இரண்டு ஆண்டுகள் ஒரு கிராமத்தில் சபை ஊழியராக இருந்துவிட்டு மறுபடியும் விண்ணப்பிக்கும்படி எழுதியிருந்தார்கள்.

எந்தச் சபையையும் சாராமல் தனி ஊழியம் செய்துவந்த நண்பர்கள், கர்த்தர் அழைத்தவனுக்குக் கமிட்டியின் கையெழுத்து எதற்கு என்று கேட்டார்கள். பவுல் தன்னை மனுஷராலும் மனுஷன் மூலமாயும் அனுப்பப்படாத அப்போஸ்தலன் என்று சொல்வதைக் அவர் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் முதல் வசனத்திலிருந்து எடுத்துக் காட்டினார்கள். காயப்பட்டிருந்த எனக்கு அது மருந்தாக இருந்தது. ஆனால் அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், தான் ஓடியது வீணாகாதபடி எருசலேமுக்குப் போய், அங்கே மதிப்புப் பெற்றிருந்தவர்களிடம் தன் சுவிசேஷத்தைத் தனிமையில் விவரித்துக் காண்பித்ததாக அவரே எழுதுகிறார். அந்தியோகியாவிலும் ஆவியானவர் அவரைப் பெயர் சொல்லி அழைத்த பிறகு, சபையார் உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்துத்தான் அனுப்பினார்கள். நேரடியாக அழைக்கப்பட்டவர் என்று யாரைக் காட்டினார்களோ, அவரே சோதித்தறியப்படுவதை மறுக்கவில்லை என்பது எனக்குப் புரிய சில மாதங்கள் ஆயின. பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுக் கிராமத்துக்குப் போனேன்.

அங்கே முதல் ஆண்டில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லாமல் இந்த அனுபவத்தைச் சொல்ல முடியாது. அண்ணன் தம்பி இருவருக்குள் வயல் பாதை பற்றி வழக்கு இருந்தது. இருவரும் சபையார். ஒரு வீட்டு ஜெபத்தில், தம்பிதான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கர்த்தர் எனக்கு உணர்த்தியதாகச் சொல்லிவிட்டேன். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. ஜெபத்தில் வந்த அமைதியை நான் அப்படியே கர்த்தருடைய குரலாக எடுத்துக்கொண்டேன். பின்னர் சர்வேயர் வந்து அளந்தபோது பாதை முழுவதும் தம்பியின் பட்டாவுக்குள் இருந்தது. அதற்குள் அவர் கோவிலுக்கு வருவதை நிறுத்தியிருந்தார். சபை மூப்பர் ஒரு மாலையில் என்னிடம், "நீங்கள் சொன்னதாக இருந்தால் எதிர்த்துப் பேசியிருப்போம். கர்த்தர் சொன்னார் என்று நீங்கள் சொல்லிவிட்டால், ஐயா, நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது?" என்றார். ஆவிக்குரிய அதிகாரம் எவ்வளவு எளிதாக மற்றவர்களின் வாயை அடைத்துவிடும் என்பதை அந்தக் கேள்வி எனக்குக் கற்றுக்கொடுத்த அளவுக்கு எந்தப் பாடப்புத்தகமும் கற்றுக்கொடுத்ததில்லை. தம்பியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் மனம் இறங்கவில்லை. கர்த்தர் எனக்கு உணர்த்தினார் என்ற வாக்கியத்தை அதன்பின் நான் ஒருபோதும் பயன்படுத்தியதில்லை.

இரண்டாம் முறை விண்ணப்பித்தபோது சேகரக் கமிட்டியின் (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைகளின் குழுவின்) தீர்மானம், மருத்துவச் சான்றிதழ், வேத அறிவுத் தேர்வு எல்லாம் முறைப்படி முடிந்தன. கிராமத்திலிருந்து வந்த பரிந்துரைக் கடிதத்தைக் குழுவில் உரக்க வாசித்தார்கள். காய்ச்சல் பரவிய மாதத்தில் வீடு வீடாக வந்தார், மாதாமாதம் கணக்கை ஒப்படைத்தார், அடக்க ஆராதனைகளுக்கு ஒரு நாளும் தாமதிக்கவில்லை என்று எழுதியிருந்த மூப்பர், பாதை விவகாரத்தில் அவசரப்பட்டார் என்பதையும், அதை அவரே ஒப்புக்கொண்டார் என்பதையும் அதே கடிதத்தில் எழுதியிருந்தார். அப்போஸ்தலனுக்குரிய அடையாளங்களைச் சொல்லும்போது பவுல் அற்புதங்களுக்கு முன்பாகப் பொறுமையை வைத்திருப்பதை அன்றுதான் கவனித்தேன். உயிர்மீட்சிக் கூட்டத்து இரவைப் பற்றி இம்முறை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்ற ஆரோன், புராட்டஸ்டண்ட் சபையின் முதல் தமிழ்க் குரு, அதற்கு முன் பல ஆண்டுகள் உபதேசியாராக, அதாவது குருப்பட்டம் பெறாத சபைப் போதகராக, உழைத்தவர் என்பது அந்த நாட்களில் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மதுரை அரசரடியில் உள்ள இறையியல் கல்லூரியில் பி.டி. என்னும் இறையியல் பட்டப்படிப்பை முடித்து வந்த பின், குருப்பட்டம் தரும் அபிஷேக ஆராதனை நடந்தது. தென்னிந்தியத் திருச்சபையின் முறைமைப்படி, கைகளை வைப்பதற்கு முன் இவர்கள் தகுதியுள்ளவர்கள் என்று நம்புகிறீர்களா என்று பேராயர் சபையாரைக் கேட்கிறார். என் முகம் பீடத்தை நோக்கி இருந்ததால், பின்னாலிருந்து எழுந்த பதிலில் யார் யாருடைய குரல் இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கிராமத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். அந்தத் தம்பி வரவில்லை என்று மூப்பர் பிறகு சொன்னார். அடுத்த வாரம் மறுபடியும் தம்பியின் வீட்டுக்குப் போனேன்.