வாரம் முழுக்க வகுப்பு, ஞாயிறு காலை இட்டேரி

கோவையில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். சொந்த ஊர் காங்கேயத்துக்குத் தெற்கே, தாராபுரம் சாலையில், ஊதியூர் மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில். கல்லூரி வேலையோடு பறவை பார்ப்பதையும் விடாமல் கொண்டுபோக முடியுமா என்று, வேலைக்குப் புதிதாக வந்த தோழிகள் கேட்கிறார்கள். முடிகிறது. புது இடம், புதுப் பறவை என்று ஓடுவதை விட்டதால் முடிகிறது.

வால்பாறை, டாப்சிலிப் என்று கிளம்பினால் ஞாயிறு முழுதும் போய்விடும். திங்கட்கிழமை முதல் பீரியடில் நிற்க உடம்பில் தெம்பு இருக்காது. அதனால் எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டுக்குப் போகும் இட்டேரி ஒன்றையே, வேலிகளுக்கு நடுவே போகும் பாதையையே, பிடித்துக்கொண்டேன். ஒரு கிலோமீட்டர் இருக்கும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுநடுவே கள்ளி, மேலே படர்ந்த பிரண்டையும் கோவைக்கொடியும். பொழுது விடிந்ததும் அதே முனையில் தொடங்கி, அதே நடையில், ஒரு மணி நேரத்துக்குள் மறுமுனை. வெயில் ஏறுமுன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு விடைத்தாள் கட்டைப் பிரித்துவிடலாம்.

சனிக்கிழமை எங்களுக்குப் பாதி நாள் வேலை. மதியம் சிங்காநல்லூரில் பஸ் ஏறினால் பல்லடம் வழியாகக் காங்கேயம், அங்கிருந்து டவுன் பஸ். இன்டர்னல் தேர்வும், கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்கான வேலையும் நெருக்கும் வாரங்களில் ஊருக்குப் போக முடியாது. அப்போது சிங்காநல்லூர் குளத்துக் கரையில், கல்லூரிக்குப் போகுமுன் கால் மணி நேரம் நின்று எண்ணுவேன். நீர்க்காகமும் முக்குளிப்பானும் ஏமாற்றுவதில்லை.

கொறங்காட்டைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மேய்ச்சலுக்கென்றே உழாமல் விட்டுவைத்த சொந்த நிலம் அது. தரையில் கொழுக்கட்டைப் புல், மேலே வெள்வேல மரங்கள், சுற்றிலும் கிளுவை வேலி. மாடுகளை உள்ளே விட்டுக் கடவை அடைத்துவிட்டால் மேய்க்க ஆள் வேண்டியதில்லை. ஒரு காட்டில் புல் குறைந்தால் அடுத்ததற்கு மாற்றுவார்கள். காங்கேயம் மாடு இப்படித்தான் வளர்ந்தது. புல்லும் முள்ளும் வெட்டவெளியும் ஒரே இடத்தில் கிடைப்பதால், கௌதாரி, வானம்பாடி, ஆள்காட்டி, பஞ்சுருட்டான் எல்லாவற்றுக்கும் இதில் இடமிருக்கிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு புல் எழும்பி வெட்டுக்கிளி பெருகும் காலத்தில் பூனைப்பருந்துகளும் வரும். மத்திய ஆசியப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வருபவை. புல்லுக்குச் சற்று மேலே, இறக்கையை லேசாகத் தூக்கிப் பிடித்தபடி, காட்டை ஓரத்திலிருந்து ஓரம் வரை தேடித்தேடிப் பறக்கும். அதைப் பார்க்க நான் வேறெங்கும் போக வேண்டியதில்லை.

ஒரே பாதையில் நடப்பதால் கண்ணில் படுகிற விஷயமும் வேறாக இருக்கிறது. முதுகு கருஞ்சிவப்பான சின்னக் கீச்சான் ஒன்று, கிளுவை முள்ளில் வெட்டுக்கிளியைக் குத்தி வைத்திருந்ததைப் பார்த்தேன். வெட்டுக்கிளியின் தலை போயிருந்தது, பின்னங்கால் ஒன்று மட்டும் விறைத்து நின்றது. நான் நின்றதும் கீச்சான் மேல் கிளைக்குத் தாவி, வாலை ஆட்டிக்கொண்டே என்னைப் பார்த்தது. பத்தடி நகர்ந்தேன். இறங்கி வந்து, முள்ளையே பிடிமானமாக வைத்துக் கிழித்துத் தின்றது. அதன் காலுக்குப் பருந்தின் பிடி கிடையாது, அந்த வேலையை முள் செய்து கொடுக்கிறது.

இனி எண்ணிக்கை. பார்த்ததையெல்லாம், பறவைப் பட்டியல்களைப் பதிந்து வைக்கும் இ-பேர்டு செயலியில் ஏற்றுகிறேன். எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்தேனா என்று அது கேட்கும். இந்தக் கேள்விகள்தான் பட்டியலுக்கு மதிப்பைத் தருகின்றன. எல்லாவற்றையும் பதிந்த பட்டியலில், பறக்கும்போது இறக்கையில் நீலம் பளிச்சிடும் பனங்காடை இல்லையென்றால், அந்த நடையில் அது கண்ணில் படவில்லை என்று பொருள். அந்தச் சுழியமும் ஒரு தகவல். மாதிரியெடுப்புப் பாடத்தில் இந்தப் பட்டியல்களைத்தான் பிள்ளைகளிடம் கொடுக்கிறேன். "மேடம், மூணு மணி நேரம் நடந்ததையும் கால் மணி நேரம் நின்னதையும் எப்படி ஒண்ணா வெச்சுப் பாக்கறது?" என்று கேட்டுவிட்டால், பாடம் பாதி முடிந்த மாதிரி.

இப்படிப் பொதுமக்கள் ஏற்றிய பட்டியல்களை வைத்துத்தான் 2023-இல் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை வந்தது. 942 இனங்களை அதில் ஆராய்ந்திருக்கிறார்கள். மயில் நன்றாகப் பெருகியிருக்கிறது. நம் பக்கத்தில் வெள்ளாமை வைக்கிறவர்களுக்கு அதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பனங்காடை 30 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. ஒவ்வொரு கம்பியிலும் ஒன்று உட்கார்ந்திருக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த பறவை. படித்த அன்று எனக்கு மனசே சரியில்லை. நம் பட்டியல்களும் அதில் சேர வேண்டும் என்ற பிடிவாதம் அப்போதுதான் வந்தது.

அதற்கு ஏற்ற நேரம் பொங்கல். தமிழகத்தில் 2015-இலிருந்து பொங்கல் விடுமுறை நான்கு நாளும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. லீவு கேட்டு நிற்க வேண்டியதில்லை. காப்புக்கட்ட ஆவாரம்பூவும் பூளைப்பூவும் பறிக்கப் போகும்போதே எண்ணிவிடலாம், பூப்பறிக்கப் போகும் நாளில் ஊர்ப் பெண்பிள்ளைகள் பாதிப் பேர் கூடவே வருகிறார்கள்.

பங்குனியிலிருந்துதான் சிக்கல். பனங்காடை ஜோடி சேர்ந்து வானத்தில் புரண்டு புரண்டு பறப்பதும், பட்டுப்போன பனையின் பொந்தில் முட்டை வைப்பதும் அந்தச் சமயத்தில். எங்களுக்கோ செமஸ்டர் தேர்வும், அதன் பின்னாலேயே விடைத்தாள் திருத்தும் முகாமும். எங்கள் காட்டு மூலையில் அப்படி ஒரு மொட்டைப் பனை நிற்கிறது. அப்பா அதை விறகுக்குச் சாய்க்க இருந்தார். கூட்டிப்போய்ப் பொந்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "செரி அம்மிணி, நின்னுட்டுப் போவுட்டும்" என்றார்.

நான் திருத்தப் போயிருக்கும் நாட்களில் அவரே சாயங்காலம் போன் பண்ணி, ஒன்று வந்ததா இரண்டும் வந்ததா என்று சொல்லிவிடுகிறார். எவ்வளவு நேரம் நின்று பார்த்தார் என்ற கணக்கு அதில் இருக்காது. அதனால் அவற்றை இ-பேர்டில் ஏற்றாமல், தேதி போட்டுத் தனி நோட்டில் எழுதி வருகிறேன்.